750 கிராம் ஃபோம் போர்டு மாடல் விமானம்: 1000 கேவி மோட்டாரா, 1400-ஆ, 2200-ஆ?

புதுச்சிறகு:
வணக்கம். முதல் எலக்ட்ரிக் விமானம். மேல் இறக்கை வைத்த டிரெய்னர், இறக்கை நுனிக்கு நுனி 120 செ.மீ., பேட்டரியோடு 750 கிராம். 3எஸ் (மூன்று செல், 11.1 வோல்ட்) 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி வாங்கியாச்சு. கடையில் 2212 அளவிலேயே மூன்று மோட்டார் இருக்கு: 1000, 1400, 2200 கேவி. விலை ஒன்றுதான். 2200-க்குத்தானே பவர் ஜாஸ்தி, அதையே எடுத்துடலாமா? மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற இ.எஸ்.சி. எத்தனை ஆம்பியர் வேணும்?

வாட்மீட்டர்:
எடுக்காதீங்க. கேவி என்பது பவர் இல்லை. ப்ராப் (காற்றைத் தள்ளும் சுழல்விசிறி) மாட்டாமல் சும்மா ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு, அவ்வளவுதான். 11.1 வோல்ட்டில் 1000 கேவி 11,100 சுற்று. 2200 கேவி 24,000-ஐத் தாண்டும். அதற்கு 6 அங்குல ப்ராப்தான் போட முடியும். சின்ன ப்ராப் கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளும், வேக விமானத்துக்கு அது சரி. உங்களுடையது மெதுவாக மிதக்கிற ஜாதி. பெரிய ப்ராப் நிதானமாகச் சுற்றணும்.

1000 கேவி, 10×4.5 ப்ராப் (விட்டம் 10 அங்குலம், இலைச் சாய்வைச் சொல்லும் பிட்ச் 4.5 அங்குலம்), 30 ஆம்பியர் இ.எஸ்.சி. முழு த்ராட்டிலில் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும், 800 கிராம் சொச்சம் இழுவிசை வரும். டிரெய்னருக்கு எடையில் முக்கால் பங்கு இருந்தாலே தாராளம்.

2830 என்று எழுதியிருந்தால் குழம்பாதீங்க. 2212 உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் (சுருள் சுற்றிய, சுழலாத பகுதி) அளவு, 2830 வெளிக்கூட்டின் அளவு. பெரும்பாலும் ஒரே மோட்டார்தான்.

மூணு வயர்:
ப்ராப் தரையில் தட்டுமா என்று யாரும் கேட்கலையே! 10 அங்குலம் என்றால் மோட்டார் நடுவிலிருந்து கீழே 12.7 செ.மீ. வரும். சக்கரம் அதற்கு மேல் உயரம் தரணும். வயிற்றில் இறக்குகிற விமானம் என்றால் ரப்பர் வளையத்தில் பிடிக்கிற ப்ராப் சேவர் போடுங்க. இல்லாவிட்டால் ப்ராப் உடையும், ஷாஃப்ட்டும் வளையும்.

இடமே இல்லை என்றால் 1400 கேவியில் 8×4 போட்டு ஓட்டலாம். ஆனால் அதில் 10 அங்குலத்தை மட்டும் மாட்டிடாதீங்க. ப்ராப் கேட்கும் பவர் சுற்று வேகத்தின் மும்மடியாக ஏறும், 1.4 மடங்கு வேகத்துக்கு 2.7 மடங்கு பவர். அந்த வேகத்தை எட்டும் முன்பே சுருள் கருகிடும்.

புதுச்சிறகு:
1000 கேவி வாங்கி மாட்டியாச்சு. கையால் சுற்றினால் லேசா உரசுது. த்ராட்டில் கொடுத்தால் துடிக்குது, சுற்ற மாட்டேங்குது. மோட்டார் போயிடுச்சா?

மூணு வயர்:
முதலில் பேட்டரியைக் கழற்றுங்க. ப்ராப் மாட்டியிருந்தால் அதையும்.

உரசல் என்றாலே ஸ்க்ரூ மேல்தான் சந்தேகம். அடித்தட்டு ஸ்க்ரூ நீளமாக இருந்தால் அதன் நுனி செம்புச் சுருளில் குத்தும். நாலையும் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்க. உரசல் போய்விட்டால் அதேதான். டார்ச் அடித்து அடித்தட்டுத் துளை வழியாகப் பாருங்க: எனாமல் சுரண்டி செம்பு பளபளவென்று தெரிகிறதா? மல்டிமீட்டரை பீப்பில் வைத்து ஒரு முனையை மோட்டார் உடம்பிலும் மறுமுனையை மூன்று வயரில் ஒன்றிலும் வையுங்க. பீப் வந்தால் அந்த மோட்டாரைத் தூக்கிப் போடுங்க, இ.எஸ்.சி.யையும் எரிச்சிடும். வராவிட்டால் பிழைச்சது. மவுன்ட் கனத்துக்கு மேல் 3 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்க்ரூ போடுங்க.

உரசல் போயும் துடித்தால் மூன்று வயரில் ஒன்று ஒட்டவில்லை. புல்லட் கனெக்டர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்க. சாலிடர் மேலே மினுங்கும், உள்ளே பிடித்திருக்காது. தலைகீழாகச் சுற்றினால் எந்த இரண்டு வயரையாவது மாற்றிக் குத்தினால் போதும்.

வாட்மீட்டர்:
ஓட ஆரம்பித்ததும் ப்ராப் எழுத்துகள் விமானத்தின் முன்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டி, விமானத்தைக் கட்டி வைத்து, பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவே வாட் மீட்டர் போட்டு 10 நொடி முழு த்ராட்டில். ப்ராப்புக்குப் பக்கவாட்டிலோ முன்னாலோ நிற்காதீங்க. 18 ஆம்பியரைத் தாண்டினால் 9 அங்குலத்துக்கு இறங்குங்க. நிறுத்தியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்க. விரல் வைக்க முடியாத சூடு என்றால் ப்ராப் பெரிசு. அப்படியே ஓட்டினால் காந்தம் பலம் இழக்கும், அப்புறம் அது திரும்பி வராது.

இன்னொன்று, மோட்டாரை நேராக மாட்டாதீங்க. கீழே 2 டிகிரி, வலப்பக்கம் 2 டிகிரி சாய்க்கணும். பின்னாலிருந்து பார்க்கும்போது மேல் ஸ்க்ரூவுக்கும் இடது ஸ்க்ரூவுக்கும் மவுன்ட்டுக்குப் பின்னால் ஒவ்வொரு வாஷர் செருகினால் வேலை முடிஞ்சது.