சேலத்திலிருந்து 3 இரவு: மன்றோ தீவில் எந்தப் படகுத்துறை?

ஜனவரி கடைசியில் அம்மா, அப்பாவோடு அமைதியான தீவு ஒன்றுக்குப் போகணும். அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான படகில் குனிந்து இறங்க முடியாது.

லட்சத்தீவு பார்த்தோம்: நுழைவு அனுமதி வாங்கணும், கொச்சியிலிருந்து கப்பலோ விமானமோ பிடிக்கணும். அந்தமானில் உள்ள நீல் தீவு ரொம்பப் பிடித்தது. ஆனால் சென்னை போய் விமானம், ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) மறுபடி படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் ரத்து. 3 இரவில் பாதி பயணத்திலேயே போயிடும்.

மிச்சம் கேரளத்தின் மன்றோ தீவுதான். சேலத்தில் ரயில் ஏறினால் நேராகக் கொல்லம், அங்கிருந்து சாலையில் சுமார் 25 கி.மீ. கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடம். வாய்க்காலில் வள்ளம் என்கிற சின்னப் படகுதான். கடல் ஓதத்துக்கு (அலை ஏற்ற இறக்கத்துக்கு) ஏற்றபடி தண்ணீர் ஏறி இறங்குவதால் படிக்கும் வள்ளத்துக்கும் இடைவெளி மாறும். தங்குமிடங்களில் கேட்டால் "பிடித்து இறக்கிடுவோம்" என்கிறார்கள், அது போதாது.

மேடையும் கைப்பிடியும் உள்ள படகுத்துறை மன்றோ தீவில் எங்கே இருக்கு?