ஆங்கிலோ-சாக்சன் ப்ரூச்சில் விலங்கு எங்கே ஒளிந்திருக்கிறது?

வரைகோல்:
6-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த சதுரத்தலை ப்ரூச் (ஆடையில் குத்திக்கொள்ளும் அணி ஊசி) ஒன்றைப் படம் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். செம்புக் கலவையில் வார்த்து, தங்கமுலாம் பூசியது. குறிப்பில் 'விலங்கு உருவங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு வெறும் வளைவும் கோடும்தான் தெரிகிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

கருவெள்ளி:
முழு விலங்கைத் தேடாதீர்கள், கிடைக்காது. முதலில் கண்ணைப் பிடியுங்கள். சின்னப் புள்ளி, அதை வளைத்து ஒரு பட்டை இருந்தால் அது தலை. பேரிக்காய் மாதிரி உப்பியிருப்பது தொடை. இரண்டு மூன்று கோடுகள் இணையாக ஓடினால் உடம்பு. ஸ்வீடன் தொல்லியலாளர் பெர்ன்ஹார்ட் சாலின் 1904-இல் விலங்கு அலங்காரங்களை வகைப்படுத்தியபோது 'முதலாம் பாணி' என்று பிரித்தது இதைத்தான். உறுப்பு உறுப்பாகக் கழற்றி, இருக்கிற இடத்தில் நெருக்கி அடைத்துவிடுவார்கள். தலை இருக்கும், உடம்பு இருக்காது. இடுப்பிலிருந்து நேராகக் கால் முளைக்கும்.

இன்னொன்று, படத்தின் வெளிச்சம். இந்தப் பள்ளங்களின் இரு பக்கமும் சரிவாக இறங்கி அடியில் கூராகச் சேரும். போட்டிருப்பவர் அசையும்போது ஒரு சரிவு மின்னும், எதிர்ச்சரிவு இருளும். நேர் எதிரே விளக்கு வைத்து எடுத்த படத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் தேடுங்கள்.

நடைவழி:
பழகுவதற்கு இது கடினமான இடம். நானாக இருந்தால் 9-ஆம் நூற்றாண்டிலிருந்து பின்னோக்கி வருவேன். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பென்ட்னி தேவாலய வளாகத்தில் 1977-இல் கிடைத்த ஆறு வெள்ளி ப்ரூச்சுகளைப் பாருங்கள். அல்லது பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஃபுல்லர் ப்ரூச்: நடுவில் கண்ணை அகல விரித்தபடி 'பார்வை', சுற்றிலும் மற்ற நான்கு புலன்கள். முகர்பவர், காதருகே கை வைப்பவர் எல்லாம் தெளிவாகத் தெரிவார்கள். வெள்ளியில் செதுக்கிய பள்ளங்களில் நியெல்லோ என்ற கறுப்புக் கலவையை நிரப்பியது. இவ்வளவு புதுசாக இருக்கிறதே, போலியாக இருக்கும் என்று ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தார்களாம்!

வரைகோல்:
சரி, கண்ணிலிருந்து தொடங்கினேன். ஓரத்தில் எதிரெதிரே இரண்டு தலை கிடைத்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நேரே பார்க்கிற ஒரு மனித முகமாகவும் தெரிகிறது. எதை வரைவது?

கருவெள்ளி:
இரண்டையும்தான். அந்தப் பாணியில் இந்த இரட்டைத் தோற்றம் வேண்டுமென்றே செய்வது. படத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்கள், இன்னும் கிடைக்கலாம். கோடு அறுந்த இடத்தில் மட்டும் நீங்களாக இழுத்துச் சேர்த்துவிடாதீர்கள்.