பழைய கம்பெனி பேரை விளம்பரத்துல போடலாமா?

தறிநூல்:
"பழைய கம்பெனி பேரை விளம்பரத்துல போட்டாலே நோட்டீஸ் வரும்"னு நேத்து எழில் அடிச்சு விட்டிருக்கார். இதை நம்பிப் புதுசாத் தொழில் தொடங்குறவங்க அங்கே வேலை பார்த்த பத்து வருஷ அனுபவத்தை மூடி மறைக்கணுமா? பேர், பதவி, இருந்த வருஷங்கள், செஞ்ச வேலை எல்லாம் உண்மையா இருந்தா தாராளமா எழுதலாம்.

எழில்:
பேரா? நான் சொன்னதே லோகோவைத்தான்.

தறிநூல்:
நேத்து எழுதினது "பேர்". மேலே போய்ப் படிங்க. அமெரிக்காவுல 2002-ல ப்ளேபாய் எதிர் வெல்ஸ் வழக்கு. ப்ளேபாய் பத்திரிகை 1981-க்குக் கொடுத்த பட்டத்தை, அதை வாங்கின மாடல் டெர்ரி வெல்ஸ் தன் இணையதளத் தலைப்புல போட்டது தப்பில்லைன்னு தீர்ப்பு. அதே பட்டத்தோட சுருக்கத்தைப் பக்கத்தின் பின்னணி முழுக்கத் திரும்பத் திரும்ப அடிச்சதுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லைன்னுட்டாங்க. தேவைக்கு மேல எடுத்தா வம்பு, அவ்வளவுதான்.

எழில்:
லோகோ தேவைக்கு மேலயா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

கணக்கன்:
முதல்ல வேலையை விட்டப்போ கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கப்பா. ரகசியக் காப்பு, வாடிக்கையாளரை இழுக்கக் கூடாதுன்னு ஷரத்து, சிலதுல பேரைப் பயன்படுத்தவே தடை. "அந்த கம்பெனிக்காக இன்னாரோட கணக்கைப் பார்த்தேன்"னு எழுதினா மாட்டுறது அங்கேதான். மூணு மாசம் இன்டர்னா இருந்துட்டு "முன்னாள்"னு போடுறவங்களை வேற யார் கேக்கறது?

தறிநூல்:
இன்டர்ன்னா "இன்டர்ன்"னு போடட்டும். பதவியைச் சொல்லணும்னு முதல் பதிவுலயே எழுதியாச்சு. படிக்காமலே பதில் போடுறது உங்களுக்குப் பழக்கமாப் போச்சு, போன விவாதத்துலயும் இதேதான்.

கணக்கன்:
போன விவாதத்துல தப்பாச் சொன்னது நீங்க. இன்னும் திருத்தலை.

எழில்:
"எங்கள் வாடிக்கையாளர்கள்" வரிசைக்குப் பக்கத்துல பழைய கம்பெனி லோகோ, கீழே பொடி எழுத்துல "முன்னாள்". போன்ல பார்க்கிறவர் கண்ணுக்கு லோகோதான் தெரியும், கூட்டாளின்னு நினைப்பார். நியூ கிட்ஸ்ங்கிற பாட்டுக் குழு போட்ட வழக்குல 1992-ல வந்த அமெரிக்கத் தீர்ப்புலயே இருக்கு: போட்டி பானக்காரர் ஒப்பிட கோக்கோ கோலான்னு பேர் சொல்லலாம், அவங்க எழுத்து வடிவத்தை எடுக்கக் கூடாது.

தறிநூல்:
பேர் விஷயத்துல அது எனக்கு சாதகமான தீர்ப்பு! இன்னொண்ணு, கூகுள் விளம்பரத்துல குறிச்சொல்லா, அதாவது எதைத் தேடினா நம்ம விளம்பரம் வரணும்னு கொடுக்கிற வார்த்தையா, பழைய கம்பெனி பேரை வைக்கலாம். விளம்பர வாசகத்துல வந்தா, உரிமையாளர் புகார் கொடுத்தா கூகுள் முடக்கலாம். வாசகத்தை உங்க பேரை வச்சே எழுதிட்டு, பழைய பேரை "எங்களைப் பற்றி" பக்கத்துல ஒரு தடவை சொன்னாப் போதும்.

எழில்:
லோகோவுக்கு இன்னும் பதில் வரலை.

தறிநூல்:
நேத்து எழுதினது "பேர்".