குமாசியில் அகான் துக்க வீடு: மதுக் கிண்ணம் வந்தால் என்ன செய்வது?

கானாவின் குமாசியில் வேலை செய்கிறேன். உடன் பணிபுரியும், அகான் இனத்தின் அசாந்திப் பிரிவைச் சேர்ந்த நண்பரின் தாய்மாமன் இறந்துவிட்டார். தாய்வழியே குலம் எண்ணும் அகான் மக்களுக்கு இது பேரிழப்பு. சனிக்கிழமை சடங்கு. அதற்குமுன் குலத் தலைவர் வீட்டில் மூதாதையரை அழைத்து மதுவைத் தரையில் ஊற்றுவார்கள். அங்கும் வரச் சொல்லியிருக்கிறார் நண்பர்.

வீட்டுக்காரம்மாவிடம் விசாரித்தேன். கறுப்பு அல்லது சிவப்பு உடை, எதையும் வலக்கையால் கொடுப்பது, நம் மொய்போலப் பெயர் எழுதிப் பணம் வாங்கும் மேசை எல்லாம் தெளிவாகிவிட்டன. நண்பரோ "நீ வந்தால் போதும்" என்கிறார். துக்கத்தில் இருப்பவரை மேலும் துளைக்க மனமில்லை. இங்கே எனக்குத் தெரிந்த தமிழர் யாரும் குல வீடுவரை போனதில்லை.

நான் மது அருந்துவதில்லை. கிண்ணம் என்னிடம் வந்தால், சில துளிகளைத் தரையில் விட்டுத் திருப்பிக் கொடுப்பது மரியாதையா, அவமதிப்பா?