மறு: வாக்கு இயந்திரச் சோதனைக்கு ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வாக்களிப்புத் தொடங்க முன் வாக்கு இயந்திரத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழை நீண்டுவிட்டது. மாதிரி வாக்குப்பதிவு, ஒத்திகை வாக்களிப்பு, தர்க்க - துல்லியச் சோதனை, வெள்ளோட்டம் என்று நாலு சொல் வந்திருக்கிறது. நாலு பேரும் தங்கள் சொல்லே போதும் என்கிறார்கள். வாசித்துப் பார்த்தால் நாலு பேரும் ஒரே வேலையைப் பற்றிப் பேசவில்லை. சண்டை முடியாததற்கு அதுதான் காரணம்.

"இலங்கையில் இயந்திரமே இல்லை, கொழும்பில் இருக்கும் உங்களுக்கு ஏன் இந்தத் தலையிடி?" என்று கேட்ட தம்பிக்கு முதலில் பதில். உண்மைதான், இங்கே இன்னும் கடதாசிதான். 2019 சனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டின் நீளம் 26 அங்குலம். அப்படி ஒரு சீட்டைக் கையில் வாங்கி மடிக்கத் தெரியாமல் நின்றவர்கள் எல்லோருக்கும் இயந்திரம் பற்றிய பேச்சு தானாக வரும். ஒரு நாள் அது சட்டமாகவும் வரும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டு, வர்த்தமானி அச்சுக்குப் போகும் நாளில்தான் தமிழுக்கு ஆள் தேடுவார்கள். மத்தியானம் கோப்பு மேசைக்கு வரும், பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் பிறக்கிற சொல்லைப் பிறகு தலைமுறைக்கும் சுமக்க வேண்டியதுதான். அதற்கு முன் நாங்கள் ஆறுதலாக இருந்து யோசிப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

இனி விசயம். வாக்களிப்புத் தொடங்க முன் இயந்திரத்தை வைத்துச் செய்கிற வேலைகளில் மூன்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலாவது, ரொறன்ரோ அக்கா சொன்ன 'தர்க்க - துல்லியச் சோதனை'. வட அமெரிக்காவில் தேர்தல் நாளுக்கு முன்பே செய்வது இது. ஒரு கட்டுச் சீட்டை முன்கூட்டியே நிரப்பி, அதில் யாருக்கு எத்தனை என்று கையால் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தக் கட்டை இயந்திரத்துக்குக் கொடுத்து, அது சொல்லும் கணக்கையும் தங்கள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கட்டைத் தயாரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லோருக்கும் பத்துப் பத்தாகப் போட்டால் சோதனையே வீண். இரண்டு வேட்பாளர்களின் இடம் மாறிப்போய் இவருடைய வாக்கு அவருக்குப் போனாலும் இரண்டு பக்கமும் பத்துத்தானே காட்டும்? அதனால் ஒருவருக்கு 3, அடுத்தவருக்கு 5, இன்னொருவருக்கு 8 என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்ணிக்கை கொடுக்க வேண்டும். கூடவே வெற்றுச் சீட்டும், இரண்டு பேருக்குக் கீறிய செல்லாச் சீட்டும் கலந்துவிட வேண்டும்.

எங்கள் நாட்டு முறைக்கு இந்தக் கட்டைத் தயாரிக்கிறவரின் பாடு பெரும்பாடு. 2024 பாராளுமன்றத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம், ஆசனத்தைவிட மூன்று பேர் கூட நிறுத்த வேண்டும், ஆகவே ஒவ்வொரு பட்டியலிலும் 21 பேர். வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடி (X) போட்டு, விரும்பினால் மூன்று பேர் வரை விருப்பு வாக்கும் போடலாம். நாலு பேருக்குப் போட்டால் விருப்பு வாக்குகள் செல்லாது, கட்சிக்குப் போட்ட வாக்கு நிற்கும். இயந்திரம் வந்தால் இதையெல்லாம் அதற்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தார்களா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனையில் 'தர்க்கம்' என்ற பகுதி.

ஆனால் அந்தச் சொல் இங்கே ஓடாது அக்கா. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தர்க்கம் என்றால் வாய்ச்சண்டை. 'காலை ஆறு மணிக்கு முகவர்கள் முன்னிலையில் தர்க்கம் நடைபெறும்' என்று அறிவித்தல் ஒட்டினால் பொலிஸ் வந்துவிடும். உயர்தர வகுப்பில் தர்க்க சாத்திரமாகப் படித்த 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' ஞாபகம் இருக்கிறவர்கள் அளவைச் சோதனை என்பார்கள். அதுவும் நிறுவை அளவை அதிகாரிகள் தராசு பார்க்க வந்ததுபோல ஆகிவிடும்.

என்னுடைய முன்மொழிவு: கணக்கிணக்கச் சோதனை. எங்களுடைய கணக்கியல் பாடத்தில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று ஒன்று இருக்கிறது, வணிகப் பிரிவில் படித்த எவரும் அதில் வியர்க்காமல் தப்பியிருக்க மாட்டார்கள். எங்கள் காசேடு ஒரு மீதி சொல்லும், வங்கி ஒரு மீதி சொல்லும். இரண்டும் ஏன் ஒக்கவில்லை என்று வரி வரியாகத் தேட வேண்டும். இங்கும் அதேதான்: கையெழுத்தில் ஒரு கணக்கு, இயந்திரத்தில் ஒரு கணக்கு. இந்தச் சொல் தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் பிரித்தால் தானாகப் பொருள் தரும்.

சோதனை ஒருமுறை முடிந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காக, 2020 நவம்பரில் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் அன்ட்ரிம் என்ற சிறிய மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஊர்களுக்கான சீட்டில் கடைசி நேரத்தில் திருத்தம் வந்தது. எல்லா எண்ணும் இயந்திரங்களையும் அதற்கேற்ப மாற்றவில்லை, மாற்றிய பிறகு செய்ய வேண்டிய சோதனையையும் சரிவரச் செய்யவில்லை. இயந்திரம் ஒரு வரிசையில் சொன்னதை மையக் கணினி வேறு வரிசையில் வாங்கிக்கொண்டது. முதலில் வெளியான அதிகாரபூர்வமற்ற முடிவில் பைடன் முன்னுக்கு நின்றார். பிழை அடுத்த நாளே பிடிபட்டுத் திருத்தப்பட்டது. டிசெம்பரில் சீட்டுகளைக் கையால் எண்ணியபோதும் டிரம்ப் வென்றது உறுதியானது. கடதாசி இருந்தபடியால் தப்பினார்கள். அதற்குள் ஊர் உலகமெல்லாம் சதிக்கதை பரவிவிட்டது, அதை எந்த மறு எண்ணலாலும் திருப்பி அள்ள முடியவில்லை.

இரண்டாவது வேலை, இந்தியாவில் விடியற்காலையில் வாக்குச்சாவடியிலேயே நடப்பது. சென்னை ஐயா 'மாதிரி வாக்குப்பதிவு என்று ஏற்கெனவே பத்திரிகையெல்லாம் எழுதுகிறார்களே, பிறகென்ன' என்றார். அது என்ன என்று தெரியாத இலங்கை, புலம்பெயர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே தொடங்குகிறார்கள். வேட்பாளர்களின் முகவர்கள் வந்து உட்கார, குறைந்தது 50 வாக்குகள் போடப்படுகின்றன. எல்லா வேட்பாளருக்கும், யாருக்கும் வாக்கில்லை என்பதற்கான நோட்டாவுக்கும் விழ வேண்டும். யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும், வாக்கு யாருக்கு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி நின்று கீழே விழும். முடிந்ததும் அலுவலரிடம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் முதலில் மூடும் பொத்தான், பிறகு முடிவுப் பொத்தான். திரையில் வருவதையும், பெட்டியிலிருந்து எடுத்து எண்ணிய சீட்டுகளையும், தாளில் உள்ள குறிப்பையும் ஒத்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அழிக்கும் பொத்தான். சீட்டுகளின் முதுகில் முத்திரை குத்தி, தடித்த கறுப்பு உறையில் போட்டு அரக்கு வைத்துவிடுகிறார்கள்.

இதை மாதிரி என்று சொல்வதில் எங்களுக்கு ஒரு சங்கடம். இலங்கையில் 'மாதிரி வாக்குச்சீட்டு' என்றால் தேர்தல் காலத்தில் கட்சிக்காரர் அச்சடித்து வீட்டு வாசலில் செருகிவிட்டுப் போகிற சீட்டு. மாதிரி வாக்குப்பதிவு என்றால், புள்ளடி போடப் பழக்குகிற கூட்டம் என்றே இங்கே விளங்கிக்கொள்வார்கள். ஒத்திகையும் அப்படித்தான். ஒத்திகை என்பது ஆட்களுக்கு. நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம் என்றால் நடிகர் பழகுகிறார். இங்கே பழகுவதற்கு யாரும் இல்லை, இயந்திரத்தை நம்பாதவர்கள் கண்ணெதிரே அதை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ஆகவே யாழ்ப்பாணத் தம்பி சொன்ன வெள்ளோட்டத்துக்கு என் வாக்கு. புதுத் தேர் செய்தால், சாமியை ஏற்றுவதற்கு முன்பு ஊரைக் கூட்டி, வெறும் தேரை இழுத்துப் பார்ப்பதற்கு வைத்த பெயர். ஊரார் முன்னிலையில் என்பதும், சாமி இன்னும் ஏறவில்லை என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. 'தேருக்கு ஒருமுறைதானே வெள்ளோட்டம், இயந்திரத்துக்குத் தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிறதே' என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேட்பாளர் பட்டியல் மாறினால் அது வேறு இயந்திரம் என்றுதான் கொள்ள வேண்டும். அன்ட்ரிமில் அப்படிக் கொள்ளாததால் வந்ததுதானே வினை.

கோயம்புத்தூர் அன்பர் பகிடிக்குச் சொன்ன 'வெள்ளோட்டு' என்ற சொல்லை நான் பகிடியாக விட மாட்டேன். வெள்ளோட்டத்தில் போடுகிற, எண்ணப்படக் கூடாத அந்த வாக்குக்கு ஒரு பெயர் அவசியம். இங்கே நாங்கள் ஓட்டு என்று எழுதுவதில்லை, வாக்கு என்போம். ஆனாலும் சினிமா பார்க்காத இலங்கைத் தமிழர் யார்? விளங்கும். 'வெள்ளோட்டுகளை அழித்த பின்னரே வாக்களிப்பைத் தொடங்க வேண்டும்' என்று கைநூலில் ஒரு வரி எழுதிப் பாருங்கள், எவ்வளவு தெளிவாக நிற்கிறது. இந்தியாவில் அழிக்க மறந்தே வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்ட அலுவலர்கள் இருந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கருவியை எண்ணும் நாளில் என்ன செய்வது என்று அங்கே தனி அறிவுறுத்தலே வைத்திருக்கிறார்கள். ஒரு பிழை அடிக்கடி நடக்கக் கூடியது என்றால் அதைத் தடுக்கும் வாக்கியம் சுருக்கமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வேலையை இந்த இழையில் யாருமே தனியாக எடுக்கவில்லை. அழித்து முடித்ததும், உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டுவது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் கேட்பதும் இதைத்தான்: இயந்திரத்தில் வாக்கு எதுவும் ஏற்கெனவே பதிவாகவில்லை என்று முகவர்களுக்குக் காட்ட வேண்டும். ரொறன்ரோவில் எண்ணும் இயந்திரம் ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் நேரே பூச்சியம் போட்டு ஒரு நாடாவை அச்சடித்துத் தரும். பிரேசிலில் 1996 முதல் இயந்திரத்தில் வாக்களிக்கிறார்கள். காலையில் அச்சடிக்கும் அந்தப் பூச்சியச் சீட்டுக்கு அவர்கள் 'ஸெரேஸிமா' என்று பெயர் வைத்து, அது நாடு முழுவதும் தெரிந்த சொல்லாகிவிட்டது. பூச்சியத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லிலிருந்து வளர்த்தெடுத்தது.

எங்களிடம் இந்தச் சடங்கு கடதாசிக் காலத்திலிருந்தே இருக்கிறது. வாக்கெடுப்பு நிலையத்தில் தலைமை தாங்கும் அலுவலர் வெறும் பெட்டியைத் திறந்து அங்கே இருக்கிறவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் பூட்டி முத்திரை வைப்பார். எனவே அந்தச் செயலுக்கு வெறுமை காட்டல், அச்சாகி வரும் தாளுக்குப் பூச்சியச் சீட்டு. சுழியம் என்று எழுதுவோரோடு எனக்குச் சண்டை இல்லை, இங்கே பள்ளிக்கூடத்தில் பூச்சியம்தான். வெள்ளோட்டமும் வெறுமை காட்டலும் ஒன்றென்று எண்ணி ஒரே சொல்லுக்குள் அடைத்தால், இடையில் இருக்கிற அழித்தல் கண்ணில் படாமல் போய்விடும். நான் இவ்வளவு பிடிவாதமாகப் பிரிப்பது அதற்காகத்தான்.

இன்னொன்று. பெயரை வைக்கும்போது இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமல், மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற முகவர் எதைக் காண்கிறார் என்று பார்த்து வைப்போம். தமிழ்நாட்டில் இதை ஏற்கெனவே ஒரு இடத்தில் அழகாகச் செய்திருக்கிறார்கள். வேட்பாளர் பட்டியலை ஏற்றி இயந்திரத்தைத் தயார்படுத்தும் வேலைக்கு ஆங்கிலத்தில் இருப்பது 'கமிஷனிங்', கப்பற்படையில் இருந்து வந்த சொல் போல இருக்கும். அவர்கள் அதைச் சட்டை செய்யாமல் 'சின்னம் பொருத்தும் பணி' என்றார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வழியில் போவோம்.

இயந்திரமா பொறியா, மின்னணுவா இலத்திரனியலா என்ற வழக்கைத் தயவுசெய்து இங்கே எடுக்க வேண்டாம். அவரவர் நாட்டு வழக்கு அவரவருக்கு. பொறியாளர்கள் மாதக்கணக்கில் முன்னரே செய்யும் முதல்நிலைச் சரிபார்ப்புக்கு அந்தப் பெயரே போதும்.

சென்னை ஐயா மறுப்பு எழுதுவார் என்று தெரியும். எழுதும்போது ஒரு கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள் ஐயா: கறுப்பு உறைக்குள் போகும் சீட்டை வெள்ளோட்டுச் சீட்டு என்பதா, வெள்ளோட்டச் சீட்டு என்பதா? எனக்கு முதலாவது பிடிக்கிறது. இலக்கணத்தில் தடை இருந்தால் சொல்லுங்கள், கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் திருத்தலாம்.