ஈதரைக் கோட்டமைப்பில் வரைந்தால் ஒரு கார்பன் குறைகிறது, ஏன்?

கேள்வி:
4 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் உள்ள ஈதர்களை (இரு கார்பன்களுக்கு நடுவே ஆக்சிஜன் உள்ள சேர்மங்களை) கோட்டமைப்பில், அதாவது கார்பனையும் அதோடு சேர்ந்த ஹைட்ரஜனையும் எழுதாமல் கோடுகளால், வரைய வேண்டும். பியூட்டேனை வரைந்து, நடுவிலுள்ள ஒரு மூலையில் ஆக்சிஜனை எழுதினால் விடை பொருந்தவில்லை. எங்கே பிசகு? மொத்தம் எத்தனை ஈதர்கள் வரும்?

பதில் 1:
எழுத்து இல்லாத ஒவ்வொரு மூலையும், ஒவ்வொரு கோட்டு முனையும் ஒரு கார்பன். ஒரு மூலையில் ஆக்சிஜனை எழுதியதும் அங்கிருந்த கார்பன் போய்விடும். பியூட்டேனில் இருப்பது 4 இடம். ஆக்சிஜனுக்கு ஒன்று போனால் மிச்சம் 3 கார்பன். நீங்கள் வரைந்தது மெத்தாக்சி ஈத்தேன்.

5 இடம் வேண்டும், அதாவது மடிந்து மடிந்து போகும் 4 கோடுகள். நடு இடத்தில் ஆக்சிஜன் வந்தால் டைஎத்தில் ஈதர். இரண்டாம் இடத்தில் வந்தால் 1-மெத்தாக்சி புரப்பேன். மூன்றாவது ஈதருக்கு 3 கோடுகளை வரைந்து, இரண்டாம் இடத்தில் ஆக்சிஜனை எழுதி, மூன்றாம் இடத்திலிருந்து ஒரு கிளை இழுங்கள்: 2-மெத்தாக்சி புரப்பேன். ஈதர்கள் இந்த மூன்றுதான். ஆக்சிஜனைச் சங்கிலியின் முனையில் வைத்தால் அது ஆல்கஹால்; அதே வாய்பாட்டில் ஆல்கஹால்கள் நான்கு உண்டு.

ஐங்கோணத்தின் ஒரு மூலையில் ஆக்சிஜன் வைத்த டெட்ராஹைட்ரோபியூரானை இங்கே சேர்த்துவிடாதீர்கள். வளையம் மூடும்போது 2 ஹைட்ரஜன் குறைந்து 8 ஆகிவிடும்.

பதில் 2:
ஆக்சிஜனில் கோட்டை மடிப்பது அழகுக்காக அல்ல. டைமெத்தில் ஈதரில் அந்தக் கோணம் சுமார் 111.7 பாகை. நேர்கோடாக இருந்தால் இரு பிணைப்புகளின் முனைவுத்தன்மையும் (மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும்) ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். உண்மையில் ஈதர் முனைவுள்ள மூலக்கூறு.

கேட்டவர்:
புரிந்தது. வில்லியம்சன் தொகுப்பில் (ஹாலைடையும் ஆல்காக்சைடையும் வினைப்படுத்தி ஈதர் தயாரிக்கும் முறையில்) எந்தப் பக்கப் பிணைப்பை வெட்டுவது என்பதையும் இந்தப் படத்தை வைத்தே சொல்ல முடியுமா?

பதில் 1:
முடியும். ஆக்சிஜனின் இரு பக்கக் கார்பன்களையும் பாருங்கள். கிளை குறைந்த பக்கம் ஹாலைடாகவும் (அயோடின் போன்ற ஹாலஜன் இணைந்தது), கிளை மிகுந்த பக்கம் ஆல்காக்சைடாகவும் (ஆல்கஹாலின் ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் அயனி போன பின் இருப்பது) வர வேண்டும். மூவிணைய பியூட்டைல் (ஒரே கார்பனில் மூன்று மெத்தில் கிளைகள் உள்ள தொகுதி) மெத்தில் ஈதருக்கு மெத்தில் அயோடைடும் சோடியம் மூவிணைய பியூட்டாக்சைடும் சரி. மாற்றிப் போட்டால், மெத்தாக்சைடு அந்த நெரிசலான கார்பனைப் பின்னாலிருந்து அணுக முடியாமல் பக்கத்து ஹைட்ரஜனைப் பிடுங்கும், கிடைப்பது ஐசோபியூட்டிலீன்.

பதில் 3:
படத்தில் தெரியாத ஹைட்ரஜனையும் எண்ணப் பழகுங்கள். டைஐசோபுரப்பைல் ஈதரில் ஆக்சிஜனை ஒட்டிய மூலைக்கு 3 கோடுகள், ஆக மறைந்திருப்பது 1 ஹைட்ரஜன். காற்று பட்டால் அங்கேதான் வெடிக்கும் பெராக்சைடு வேகமாக உருவாகிறது. மூவிணைய பியூட்டைல் மூலைக்கு 4 கோடுகள், அங்கே ஹைட்ரஜனே இல்லை. அந்த ஈதரில் பெராக்சைடு உருவாவது மிக மெதுவாகத்தான்.