இளையராஜா வரைந்தது ஓவியமா, போட்டோ நகலா?

பாலக்கோட்டு அக்கா:
தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்து, ஓவியர் இளையராஜா மாதிரி வரைய வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவரும் அங்கே படித்தவர்தான். 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார். எங்கள் மாமாவோ, கையில் செல்போன் இருக்க, போட்டோ மாதிரியே ஏன் வரைய வேண்டும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி:
மாமா கேட்பது நியாயம். பர்கூர் பக்கம் மல்லப்பாடியின் பழங்காலப் பாறை ஓவியத்தில் இருப்பது சில வெள்ளைக் கோடுகள்தான். குதிரைமேல் இருவர் மோதுவது அப்படியே தெரிகிறது. ஓவியர் ஆதிமூலம் கறுப்புக் கோட்டிலேயே காந்தியைக் கொண்டுவந்தார். இளையராஜாவின் படங்களில் புடவை மடிப்பெல்லாம் தத்ரூபம். ஆனால் நான் பார்த்தவரை அந்தப் பெண்கள் ஜன்னலோரம், வாசலோரம் அழகாக நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் புளி தட்டுகிறவள் எங்கே? மாம்பழக்கூழ் ஆலைக்குப் போய்வருகிறவள் எங்கே?

காரிமங்கலம் டிராயிங் வாத்தியார்:
செல்போனையே எடுத்துக்கொள்வோம். ஓட்டு வீட்டுக்குள், ஜன்னலோரம் ஒரு கறுத்த பெண்ணை நிறுத்திப் படம் எடுத்துப் பாருங்கள். ஒன்று, ஜன்னல் வெளுத்துப்போகும்; இல்லை, முகம் இருண்டுபோகும். கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. கன்னத்து மேட்டில் வானத்தின் நீலம் லேசாகப் படியும். தாடைக்குக் கீழே நிழலில், சிவப்புச் சிமெண்ட் தரையின் சாயல் ஏறும். அந்த நிழலைக் கறுப்பு டியூபை எடுத்துப் பூசினால் தோல் செத்துவிடும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றை வாங்கி மெதுவாகத்தான் இறுகும். அதனால் ஒரு பூச்சு இறுகக் காத்திருந்து, மேலே மெல்லிய இன்னொன்று என்று ஏற்ற வேண்டும். இளையராஜாவின் பெண்களுடைய கறுப்பு மினுங்குவது இந்தப் பொறுமையில்தான். சிவப்பழகு கிரீம் விற்கிற ஊரில், ஆனந்த விகடன் பக்கத்தில் மாநிறப் பெண்ணை அவ்வளவு கம்பீரமாக உட்காரவைத்தாரே! அதை நகல் என்று தள்ள எனக்கு மனசு வராது.

ஓசூர்வாசி:
நிறத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கம்பீரம் சும்மா நிற்பவளுக்கு மட்டும்தானா? என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது ஐயா.

காரிமங்கலம் டிராயிங் வாத்தியார்:
அதைத் தம்பி வரையட்டும். புளி தட்டுகிறவளின் கை ஒரு நொடி நிற்காது. அந்தக் கையை வரைய எலும்பும் தசையும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் கல்லூரி.

பாலக்கோட்டு அக்கா:
அப்போ இப்பவே என்ன செய்யச் சொல்ல?

காரிமங்கலம் டிராயிங் வாத்தியார்:
போட்டோவைப் பார்த்து வரைவதை நிறுத்தச் சொல்லும்மா. அந்த மாமாவையே உட்காரவைத்து வரையட்டும்.